ஸ்டியரிங்கில் ஊற்றிய மில் ஆயில்

தொண்ணூறுகளில் ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு பார்த்தேன். அப்போது வாங்கிய, பின்பக்கம் நீண்ட பழைய எஸ்டேட் காரில் பவர் ஸ்டியரிங் என்று பெயர்தான். திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். மில்லில் நூல் சுற்றும் கதிர்களுக்கு ஊற்றும் ஸ்பிண்டில் ஆயில் தண்ணீராக இருக்குமே என்று, ஸ்டியரிங் ஆயிலை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். ஒற்றை விரலில் திரும்பியது. மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு வளைவில் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. நேரே பிள்ளைகளோடு நடந்துபோகும் கூட்டம். பிரேக்கை மிதித்தும் கார் அவர்களை நோக்கியே போனது.

"ஏங்க, திருப்புங்க!"

"திரும்ப மாட்டேங்குதே, நான் என்ன செய்ய!"

அவளும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கூட்டத்துக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"ஏலே, பிள்ளையள கொல்லப் பாத்தியே!" என்று ஓர் அம்மாள் கத்தினார். நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். காருக்கடியில் நான் ஊற்றிய மில் ஆயில் முழுவதும் தண்ணீராக ஒழுகிக் கிடந்தது.

இப்போது கார்ப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றுவதில்லை. இன்றும் வளைவு வந்தால் மனைவியின் கை தானாக ஸ்டியரிங்குக்கு வருகிறது. எடு என்று நான் சொல்வதில்லை.