தாரால் அடைத்த துளை

குன்னூரில் போர் நினைவாக வெட்டவெளியில் நிற்கும் பழைய ராணுவ டாங்கியை இன்று பழுதுபார்க்கச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துரு வாடை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப்போனது. மழை விட்டதும் காவலாளி அந்தோணி அதன் அடித்துளையைக் கம்பியால் குத்துவார், உள்ளே தேங்கிய நீர் செம்மண் நிறத்தில் கொட்டும். எனக்கோ உள்ளே காகிதக் கப்பல் விடத் தண்ணீர் வேண்டும். ஆடி மழையில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, ரோட்டுத் தாரை உருட்டித் துளையை அடைத்தேன்.

சோதனைக்கு வந்து மூடியைத் திறந்த அதிகாரி கத்தினார்: “இது டாங்கியா, மீன்தொட்டியா?”

“துளைய நல்லா குத்தி உட்டுட்டுத்தானுங்க படுத்தேன்” என்றார் அந்தோணி.

நான் பக்கத்திலேயே நின்றேன். அவருக்கு வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்துகொண்டு போகையில் என் தலையைத் தடவினார்.

“உள்ள பாசி புடிச்சு வழுக்குது கண்ணு. பாத்து வெளையாடு.”