ஒழுகாத கூரை

விடியற்காலையில் கூரைத் தகரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் என் சித்தியின் கைக்குழந்தையின் நெற்றியில் விழும். சித்தி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, தோட்டத்தை நிர்வகித்த துரையை வாய் வலிக்கத் திட்டுவார். இலங்கை மலையகத்தில், ஹாலிஎலவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய வீடு ஒரே அறைதான். மழை மாதங்களில் சமையலும் அங்கேதான், நான்கு பேரின் படுக்கையும் அங்கேதான். குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் சளி. குளிர் உள்ளே வரக்கூடாதென்று சித்தி உரச்சாக்குகளைக் கிழித்து, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி முழுவதையும் அடைத்தார். லயத்தில் எல்லோரும் செய்வதுதான். பிள்ளை பெற்ற வீட்டில் சாக்கு அடைக்காவிட்டால் அக்கம்பக்கத்தார் ஏசுவார்கள்.

அடைக்க அடைக்கக் கூரை அதிகமாக ஒழுகியது. சித்தி முறையிட்டதும், எதிரே இருந்த தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரிலிருந்து இரண்டு பேர் வந்து தார் பூசினார்கள். மழையில்லாத விடியலிலும் சொட்டியது. மறுபடி முறையிட்டபோது கணக்கப்பிள்ளை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும், "தகரத்துல ஓட்டையே இல்ல. புதுத் தகரம் வாங்கப் பொய் சொல்றீங்க" என்றார். சித்தி கொழுந்தெடுக்கப் போய்விட்டார். தைப்பொங்கலுக்கு முன்பே குழந்தை போய்விட்டது. அந்த ஈரத்தை அதன் நெஞ்சு தாங்கவில்லை.

இப்போது நான் பொறியியல் மாணவர்களுக்கு வெப்பமும் ஈரமும் இடம்பெயரும் விதத்தைக் கற்பிக்கிறேன். அந்தக் கூரை ஒழுகவே இல்லை. சோற்றுப் பானையின் ஆவியும் நான்கு பேரின் மூச்சும் வெளியேற வழியில்லாமல் மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி விழுந்தன. இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் ஈரக்காற்று தங்கிவிட்டால் தேயிலை கெடும் என்று பெரிய விசிறிகளை ஓட்டி அதை வெளியே தள்ளினார்கள். காற்றின் ஈரத்தைப் பார்க்க ஈரத்துணி சுற்றிய வெப்பமானிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கொழுந்துக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் சித்தியிடம் இதை நான் சொன்னதில்லை. போன பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. துரையைத் திட்டுகிற ஆறுதலாவது அவருக்கு மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் சித்தியின் பேத்திக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். அதே லயம், அதே தகரம். உள்ளே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி பலகை மேல் ஏறி நின்று உரச்சாக்கை அடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை இருமியது. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"சித்தி, அந்தச் சாக்கையெல்லாம் எடுத்துடுங்க. பிள்ளைய நல்லாப் போர்த்தினாப் போதும். உள்ள இருக்கிற ஆவி வெளிய போகணும். போகாட்டி அதுதான் தண்ணியாக் கொட்டும்."

அவர் கை அப்படியே நின்றது. தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அன்னைக்கும் அதுதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாக்கு அங்கேயே இருந்துவிடும். ஆமாம் என்று தலையசைத்தேன்.

சித்தி அழவில்லை. சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டார். பிறகு பலகையிலிருந்து இறங்கி, வாசலில் நின்று ஸ்டோரைப் பார்த்தபடி கேட்டார்.

"கொழுந்துக்கு விசிறி ஓட்டி ஈரத்த வெளிய தள்ளத் தெரிஞ்சவங்க அங்கன அம்புட்டுப் பேரு இருந்தாங்க. தார் பூச வந்தவங்களும் அங்க இருந்துதானே வந்தாங்க. ஒருத்தருக்குக்கூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"