வலி விட்டுப்போன கால்

நாங்கள் வேலை செய்யும் செருப்புக் கடையில் என் மாமாவுக்கு 'டாக்டர்' என்று பெயர். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அவர் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் ஷூ வாங்க வந்தாலும் சரி, சும்மா மழைக்கு ஒதுங்கினாலும் சரி, அவரிடம் வைத்தியம் கேட்டுக்கொள்ளாமல் யாரும் கடையை விட்டுப் போக முடியாது. ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, முதலில் நோயைச் சொல்வார். ஷூவை அப்புறம்தான் எடுப்பார்.

"குதிகால் பாளம் பாளமா வெடிச்சிருக்கே மேடம். வெறுங்காலோட நடக்கறீங்க, இல்லையா? படுக்கப் போறப்போ காலைக் கழுவி, ஈரம் போகத் தொடைச்சு, வாஸ்லினை நல்லா அப்பி, மேல ஒரு சாக்ஸ் போட்டுக்குங்க. குழந்தை கால் மாதிரி ஆயிடும்."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. விரலிடுக்கு வெந்து வெளுத்துத் தோல் உரிகிறவர்களிடம், ஈர சாக்ஸைப் போடாதே, இடுக்கைத் துடை, பவுடர் போடு என்பார். அதுவும் சரிதான். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிறது என்றால், தட்டைச் செருப்பைத் தூக்கிப் போடச் சொல்லி, அடிப்பாகம் மெத்தென்று இருக்கிற ஒன்றை எடுத்து நீட்டுவார். அந்த வைத்தியத்தில் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அவருக்கு மனிதர்களின் முகம் நினைவிருக்காது, கால்தான் நினைவிருக்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். தலையைக் குனிந்து கீழே பார்த்ததும், "அட, நீங்களா சார்! சுண்டுவிரல் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார். எவ்வளவு அடக்கமான மனுஷன், தலை நிமிர்ந்தே பார்க்க மாட்டேன் என்கிறாரே என்று தெருவில் அவருக்கு நல்ல பெயர்.

கெட்டதெல்லாம் கால் ஆணியில்தான். கால் ஆணி என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் மாமாவின் முகத்தில் தனிக் களை வரும். அது அவருடைய சொந்த நோய்.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைக்கும் ஷூ எல்லாமே ஏழாம் நம்பர்தான். அந்த அளவில்தான் ஷூ லட்சணமாக இருக்குமாம். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பக்கம் வெளுத்துப்போன பிறகு, முதலாளி அவற்றைக் கடை ஆட்களுக்கே கொடுத்துவிடுவார். மாமாவின் கால் எட்டாம் நம்பர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாமா தன் விரலைக்கூடப் பார்க்கவில்லை. "முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டுத்தான் போடணும் சார்" என்று ஊரார் காலுக்கெல்லாம் அளந்து கொடுத்தவர், தன் காலை மட்டும் மடக்கி நொறுக்கி உள்ளே தள்ளிக்கொண்டு காலை முதல் மாலை வரை நின்றார். சுண்டுவிரலில் ஓர் ஆணி, உள்ளங்காலின் முன்பக்கம் ஓர் ஆணி, கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கியது என்று ஒவ்வொன்றாக வந்து குடியேறின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக் கூடத்தில் அறுவை சிகிச்சை நடக்கும். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, வெந்நீர், உப்பு, முகம் மழிக்கிற பிளேடு. ஊறவைத்த காலை மடக்கிச் செய்தித்தாள்மேல் வைத்து ஆணியைச் சீவுவார். அக்கா சமையலறையை விட்டு வெளியே வர மாட்டாள். அவர் போடுகிற "அய்யோ, அம்மா" சத்தத்தை வைத்தே பிளேடு எவ்வளவு ஆழம் போயிற்று என்று சொல்லிவிடுவாள். மாமாவுக்குச் சர்க்கரை வேறு இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், இனிப்பை நினைக்காமலே போட்டுக்கொள்வார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமே வரவில்லை. அக்கா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். மாமா தன் பாட்டுக்குச் சீவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"என்னங்க, வலிக்கலையா?"

"போயிடுச்சும்மா! இத்தனை வருஷ வைத்தியம் இப்பத்தான் பலிச்சிருக்கு."

எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வலி நின்றால் சந்தோஷப்படாமல் ஒப்பாரியா வைப்பார்கள்? கடையில் அவர் மதிப்பு ஏறிவிட்டது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தன் காலையே சாட்சிக்கு நீட்டினார். "என்னைப் பாருங்க சார், நாள் பூரா நிக்கிற ஆளு. ஒரு வலி உண்டா? வெந்நீர், உப்பு, பிளேடு. அவ்வளவுதான் விஷயம்." அதைக் கேட்டு எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ப் பிளேடை எடுத்தார்களோ!

முதலில் சந்தேகப்பட்டவள் அக்காதான். ஒரு தடவை அவர் காலை எடுத்ததும் தொட்டியைக் காலி செய்யப் போனவள், தண்ணீரில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, இந்தக் கொதியிலயா இவ்வளவு நேரம் காலை வச்சிருந்தீங்க?"

"ஆம்பளைக் கால்ம்மா. தாங்கும்."

"ஆம்பளைக் காலும் கொதிக்கிற தண்ணியில வேகத்தான் செய்யும். நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"கடையில என்னையே டாக்டர்ங்கறாங்க. நான் போய் இன்னொரு டாக்டர்கிட்ட நிக்கவா?" என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் வேலை செய்யும் தையல் கூடத்தில் ஒருத்தியின் அண்ணனுக்கு இப்படித்தான் சர்க்கரையில் கால் மரத்துப்போய், புண் வந்ததே தெரியாமல், கடைசியில் பாதிக் காலை எடுத்துவிட்டார்கள். அதை அக்கா அழுதுகொண்டே சொன்னாள். நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"மரத்துப்போன கால்ல ஓட முடியுமா மச்சான்? இதோ பாரு" என்று கூடத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடிக் காட்டினார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் பில் மேசையில் இருந்தேன். கண்ணாடி அலமாரியின் சாவி என் பொறுப்பு, மேசையோரக் கொக்கியில் தொங்கும். பரணில் இருக்கும் பெட்டிகளை எடுக்க ஏணியில் ஏறுகிறவர் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். வெள்ளைப் பெட்டிமேல் தடம் விழுந்தால் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். மாமா என் மேசையடியில் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார், இறங்கினார், அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அலமாரியிலிருந்த ஷூவைக் கேட்டார். திரும்பிப் பார்த்தால் கொக்கி காலி.

"சாவியை என்ன, தின்னுட்டியா?" என்றார் முதலாளி, கூட்டத்துக்கு நடுவில்.

அன்று முழுக்க எனக்கு அர்ச்சனைதான். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தோம், குப்பைத் தொட்டியைக் கொட்டிப் பார்த்தோம். முன்னால் நின்று தேடியவர் மாமாதான். மச்சானுக்கு ஒரு இக்கட்டு என்றால் பொறுக்க மாட்டார். ஸ்டூல்களுக்கு அடியில் தவழ்ந்தார். நடைபாதை வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பக்கத்துக் கடைக்கு ஓடி, பூட்டுத் திறக்கிற ஆள் கிடைப்பானா என்று விசாரித்தார். கூட்டம் குறைந்த பிறகு, "பரண்லயும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று ஏணியடிக்கு வந்து வலது ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து சாவி தரையில் விழுந்தது.

கடையே சிரித்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக இருக்கிறதே என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தபடி குனிந்து சாவியை எடுத்தேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அவருடைய சாக்ஸைப் பார்த்தேன். அடிப்பக்கம் ஊறிக் கறுத்திருந்தது.

"மாமா, கால்ல ரத்தம்."

"யார் கால்ல?" என்றார்.

குனிந்து பார்த்த பிறகும் அதை அடுத்தவர் கால் மாதிரிதான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மருத்துவமனையில் கால் பிரிவுக்கு ஒரு பெண் டாக்டர். ஷூவை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்றார்.

"என்னோடதுதான் டாக்டர்."

"உங்க காலுக்கு இது தெரியுமா?"

பிளேடு கதையைக் கேட்டதும் அவர் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்து, ஆணிக்கு அடியில் அழுகியிருந்ததை வெட்டி எடுத்து, கட்டுப் போட்டார். அவர் வெட்டும்போதும் மாமா வாயைத் திறக்கவில்லை. அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"புண் ஆழம்தான். ஆனா எலும்பைத் தொடல, ஆறிடும்" என்றார் டாக்டர். "கால்ல உணர்ச்சி இருக்கான்னு இப்ப பார்க்கணும். இருந்தா, ஆறினதும் பழைய வேலைக்குப் போகலாம். இல்லைன்னா, நின்னுக்கிட்டே செய்யற வேலையை விட்டுடுங்க. மறுபடி ஒண்ணு குத்துச்சுன்னா உங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை காலை எடுக்கறதைப் பத்தித்தான் நான் பேச வேண்டியிருக்கும்."

மாமாவுக்கு இதில் பாதிதான் காதில் விழுந்தது. அதுவும் வேலை போய்விடும் என்கிற பாதி. கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

டாக்டர் ஒரு பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்தார். முதலில் மாமாவின் கையைத் தொட்டுக் காட்டினார். "இந்த மாதிரி கால்ல தொடுவேன். கண்ணை மூடிக்குங்க. தெரியறப்போ மட்டும் ஆமான்னு சொல்லுங்க."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கட்டுப் போடாத இடது காலின் கட்டைவிரலைத் தொட்டார்.

"ஆமா."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சுண்டுவிரல். "ஆமா." உள்ளங்கால். "ஆமா." எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆனால் டாக்டரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் கையை நிறுத்தி, இழை காலில் படாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார் மாமா.

டாக்டர் எங்களைப் பார்த்தார். இழையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆமா" என்றார் மாமா. சற்று இடைவெளி விட்டு, "ஆமா டாக்டர், நல்லாவே தெரியுது" என்றார். கடையில் ஷூவைக் கட்டிக் கொடுக்கும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

அக்கா என் கையை விட்டாள். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து, அந்தப் பாதத்தின் விரல்களை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் அதன்மேல் சொட்டியது.

மாமா கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"என்ன டாக்டர்," என்று கேட்டார், "முடிஞ்சிடுச்சா?"