ஒன்பதாம் சன்னலுக்கு வெளியே

எட்மண்ட் வாட்சுலா எங்கள் டர்க்கி ரிட்ஜ் நடன ஹாலுக்குள் கால் வைத்து இருபத்தேழு வருடமாகியிருந்தது. ஆனால் ஒரு சனிக்கிழமைகூட அவன் அங்கே வராமல் இருந்ததில்லை. மனைவி லிடியாவை வாசலில் இறக்கிவிடுவான். அவள் உள்ளே போவாள். அவன் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஒன்பதாம் சன்னலுக்கு வெளியே நிற்பான். யாராவது பரிதாபப்பட்டுப் பியர் நீட்டினால் வாங்க மாட்டான். கடைசி வால்ட்ஸ் நடனம் முடிந்ததும் லிடியாவை ஏற்றிக்கொண்டு பண்ணைக்குத் திரும்புவான்.

அவனை வெளியே நிறுத்தியவன் நான்தான்.

ஆடுகிற தளத்துக்கு நான் பொறுப்பு. சட்டையில் நீல ரிப்பன் குத்திக்கொண்டு கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பாதம் சறுக்கி ஆட வசதியாகத் தரையில் மெழுகுப் பொடி தூவுவது, எல்லோரும் இடஞ்சுழியாகச் சுற்றும்போது எதிர்த்து வரும் குடிகாரனைத் திருப்பிவிடுவது, சண்டையை விலக்குவது எல்லாம் என் தலையில். முதல் குத்து விட்டவன் ஆயுசுக்கும் உள்ளே வரக் கூடாது என்பது ஹாலை நடத்தும் சங்கத்தின் சட்டம். யார் முதலில் குத்தினான் என்று நான் கை காட்டினால் அதற்கு அப்பீல் கிடையாது. இப்படியொரு அதிகாரத்தை என்னிடம் கொடுத்தவர்களுக்கு அறிவே இல்லை. வாங்கிக்கொண்ட எனக்கும்தான்.

எழுபத்தொன்றாம் வருடம், ஆகஸ்ட் மாதம். பிடில்காரர் அப்போதுதான் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். எட்மண்டுக்கும் என் தம்பி டெல்பர்ட்டுக்கும் பியர் கவுண்டர் பக்கத்தில் வாய்த் தகராறு. எட்மண்டிடம் இரவல் வாங்கிய வைக்கோல் கட்டும் மெஷினை டெல்பர்ட் உடைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தான். கேட்டவனுக்குக் குத்து விழுந்தது. எட்மண்டின் உதடு கிழிந்த பிறகுதான் அவன் கை ஓங்கினான். நான் முழுசாகப் பார்த்தேன்.

மூன்று வாரத்தில் டெல்பர்ட்டுக்குக் கல்யாணம். விருந்தும் ஆட்டமும் அதே ஹாலில். பெண் வீட்டில் இரண்டு காளைகளை விருந்துக்கென்று ஒதுக்கியாகிவிட்டது. டெல்பர்ட்டின் பெயரைச் சொன்னால் மாப்பிள்ளை சொந்தக் கல்யாணத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். நான் எட்மண்டை நோக்கி விரலை நீட்டினேன்.

வாயில் ரத்தத்தோடு அவன் என்னைப் பார்த்தான். கீழே விழுந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு டெல்பர்ட்டுக்குக் குழந்தை பிறந்தது. பிறகு அவன் சங்கச் செயலாளர் ஆனான். சொல்வதற்கு நல்ல நாள் வரவே இல்லை. உண்மையில் நான் தேடவும் இல்லை.

எண்பத்தாறில் எட்மண்டின் மகள் மார்செல்லாவுக்குக் கல்யாணம். முந்தின நாள் லிடியா என்னிடம் வந்தாள்.

“ரேமண்ட், ஒரே ஒரு நாளைக்கு அவரை உள்ள விடக் கூடாதா? பொண்ணு கல்யாணம்ப்பா.”

“ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும் லிடியா.”

“ஆமாமா, உன் ரிப்பன் கசங்கிடும். பத்திரமா வச்சுக்கோ.”

மறுநாள் எட்மண்ட் மகளை வாசல்வரை கூட்டி வந்தான். அவள் கையை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டுத் தன் சன்னலுக்குப் போனான். அப்போதும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் டெல்பர்ட் செத்துப்போனான். அக்டோபரில் சங்கம் ஹாலை விற்றது. பலகைகளைப் பிரித்து எங்கோ பட்டணத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். கடைசி ஆட்டத்தை ஒரு ஞாயிறு மதியம் வைத்தார்கள். ஐந்நூறு பேர் சுற்றிய தரையில் நாற்பது பேர். பாதிப் பேர் முட்டியில் பட்டி கட்டியிருந்தார்கள். பார்க்கவே அயர்ச்சியாக இருந்தது. நான் எழுந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தேன்.

அவன் அங்கேதான் நின்றிருந்தான்.

“என்ன ரேமண்ட், இங்கயும் நிக்கக் கூடாதுன்னு சொல்ல வந்தியா?”

“அன்னிக்கு மொதல்ல கை வச்சது டெல்பர்ட்தான். நான் பார்த்தேன்.”

“தெரியும். நீ பார்க்கறதை நானும் பார்த்தேனே.”

“உள்ள வா எட்மண்ட். கடைசிப் பாட்டுக்காவது லிடியாவோட ஆடு.”

“இடுப்புல இரும்பு வச்சிருக்காங்கடா. இப்பப் போய் எங்க ஆடறது?” மேலே தூக்கி வைத்த சன்னல் பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பைத் தடவிக்கொண்டே சொன்னான். “அவன் செத்தும் எட்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறமும் உனக்கு எட்டு மாசம் வேணுமா?”

“கால் வலிடா,” என்றேன். வெட்கங்கெட்ட பதில்.

“உன் கதவுலேர்ந்து இங்க வர அறுபது அடி. நான் நடந்து எண்ணியிருக்கேன்.”

அவன் கடைசி வால்ட்ஸுக்குக்கூட நிற்காமல் லிடியாவைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பிக்கப் மண் ரோட்டில் ஏறிப் போயிற்று.

அவன் நின்ற இடத்தில் புல் முளைக்காமல் தரை மொட்டையாகக் கிடந்தது. நான் அதில் நின்றேன். பாட்டுக்காகவும் லிடியா ஆடுவதைப் பார்க்கவும்தான் அவன் வருகிறான் என்று ஊரே நம்பியது. நானும் அப்படித்தான் நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். உள்ளே கடைசி வால்ட்ஸ் ஆரம்பித்தது. குனிந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். மேடையைத் தூண் மறைத்தது. தூணுக்கு அந்தப் பக்கம் சுற்றியதால் ஆடுகிறவர்களும் கண்ணில் படவில்லை. அங்கிருந்து நேராகத் தெரிந்தது கதவோரம் கிடந்த என் நாற்காலி மட்டும்தான்.