மணல்மூட்டை எவால்ட்

பன்றிமுதுகு மேட்டின் உச்சியில் எவால்ட் பயந்து அலறிய கதையை எங்கள் ஊரில் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. சிரிக்கிறவர்களில் ஒருத்தராவது தான் மாட்டின பிரேக்கை நம்பி அந்த மேட்டில் இறங்கியிருப்பாரா? கேட்டுப் பாருங்கள்.

தையல் மெஷின் செய்துகொண்டிருந்த எங்கள் பட்டறைக்குக் கார் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. முதலாளி ஷ்ட்ரோபெலுக்கு ஒரே கனவு, சின்னதாக ஒரு டூரிங் கார். பெர்லின் சீமான்கள் வைத்திருக்கிற யானை மாதிரி வண்டி இல்லை. டாக்டரும் மரவியாபாரியும் பெண்டாட்டியோடு நாலு பேராக ஏறி, எங்கள் காட்டு மேடுகளைத் தாண்டிப் போகிற வண்டி. முதலில் செய்தது மேடே ஏறவில்லை. இரண்டாவது ஜோராக ஏறியது. இறங்கும்போது பிரேக் கம்பி கழன்று, கல் குவாரிக்குள் போய் விழுந்தது. ஓட்டிய எங்கள் பட்டறை ஆள் கூர்ட்டின் உடலைக் கம்பளியில் சுற்றித்தான் தூக்கி வந்தார்கள். பிரேக் மாட்டியவன் அந்த நேரம் பட்டறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு சட்டம் வந்தது. பிரேக் மாட்டினவனே பின்சீட்டில் உட்கார்ந்து மேடு இறங்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் சீட்டில் ஆளுக்குப் பதிலாக மணல்மூட்டையைத்தான் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அதனால் இறங்கப் பயப்படுகிறவனுக்குப் பெயர் மணல்மூட்டை. ஆனால் பிரேக்கில் கோட்டை விட்டவனுக்குப் பெயரெல்லாம் கிடையாது. அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான்.

மூன்றாவது வண்டிக்குப் பிரேக் மாட்டும் வேலை எவால்டின் தலையில் விழுந்தது. ஏணியில் ஏறினாலே கால் உதறுகிற மனிதன்! ஆனால் வேலையில் சுத்தம். பிரேக் கம்பி சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒரு ஆணி இருக்கும். அது கழன்று விழாமல் இருக்க ஒரு சின்னக் காட்டர் பின்னை அதன் துளையில் கோத்து விரித்துவிட வேண்டும். எங்கள் ஆட்கள் தேவையான பின்களை எண்ணி உதட்டில் கவ்விக்கொண்டுதான் வண்டிக்கு அடியில் போவார்கள். வாய் காலியானால் வேலை முடிந்தது என்று கணக்கு. யாரும் மறுபடி குனிந்து பார்ப்பதில்லை.

சோதனை நாள் காலையில் எவால்ட் வண்டிக்கடியில் கிடந்தபோது அவன் தங்கை ஹெட்விக் பிளம்ஸ் கேக்கோடு வந்து நின்றாள்.

"அண்ணே, சூடா இருக்கு. ஒரு வாய் தின்னுட்டு வேலையப் பாரு."

எவால்ட் உதட்டில் மிச்சமிருந்த பின்னை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தின்றான். பிறகு வாயைத் துடைத்தான். வாய் காலி. எழுந்து வந்துவிட்டான்.

வண்டியை ஓட்டியவன் ஹெட்விக்கின் புருஷன் லோதார். பக்கத்தில் மரவியாபாரி க்னோர். அவருக்குப் பிடித்துவிட்டால் ஊரே வாங்கும். "குடும்ப வண்டின்னா குடும்பம் ஏறட்டுமே" என்று முதலாளி சொன்னதால் பின்சீட்டில் எவால்டுக்குப் பக்கத்தில் ஹெட்விக் உட்கார்ந்தாள். வண்டி மேடேறுகிற இரைச்சலில் அவள் அண்ணன் காதருகே குனிந்தாள்.

"உங்கிட்டதான் முதல்ல சொல்றேன். வயித்துல பிள்ளை இருக்கு. அவருக்கு இன்னும் தெரியாது."

எவால்டுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டைக்காகப் பாக்கெட்டில் கையை விட்டான். விரலில் பின் குத்தியது.

அய்யோ! அது போன வாரம் மிஞ்சிய பின்னா, காலையில் மாட்டாமல் விட்டதா? உச்சியில் சமதரையாக இருக்கும் இடத்தில் லோதார் வண்டியை நிறுத்தினான். எதிரே சாலை சரிந்து இறங்கியது. இடது பக்கம் குவாரியின் வாய். கூர்ட் மோதி உடைத்த வேலியை இன்னும் யாரும் சரி செய்யவில்லை. அடிவாரத்தில் முதலாளி கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதை அசைத்தால் இறங்க வேண்டும்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? ஹெட்விக் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி அசைந்தது. லோதார் வண்டியைக் கிளப்பப் போனான்.

"நிறுத்து! மாப்ள, நிறுத்து!" என்று எவால்ட் அலறினான்.

லோதார் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன மச்சான், பேயைப் பாத்தியா?"

"ஒண்ணுமில்ல. ஒரு தடவை அடியில பாத்துக்கறேன்."

"அட, மூட்டை பேசுது!" என்று க்னோர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மாட்டினவனுக்கே நம்பிக்கை இல்லையா?"

எவால்ட் வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தான். இடது பக்கம் பின் இருந்தது. வலது பக்கம் துளை வெறுமையாக இருந்தது. ஆணி பாதிக்கு மேல் வெளியே வந்து, ஒரு தும்மல் போட்டால் விழுந்துவிடும் போல் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இல்லை, நான்கு பேர். ஆணியை உள்ளே தட்டி, பாக்கெட்டிலிருந்த பின்னைக் கோத்து விரிக்கப் போனான். பின் இரண்டு தடவை நழுவியது, மூன்றாவது தடவை விரிந்து நின்றது.

வெளியே வந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. சும்மா பயந்துட்டேன்" என்றான்.

"பயந்தாங்கொள்ளி!" என்று லோதார் சிரித்தான். வண்டி பூப்போல இறங்கி நின்றது. க்னோர் அங்கேயே தனக்கொரு வண்டி வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் எவால்டின் புதுப் பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அவன் திரும்பிப் பார்த்தான். ராத்திரி தூக்கத்தில் மட்டும் அந்த ஆணி கழன்று விழும். விழுந்த சத்தத்தில் எழுந்து உட்காருவான்.

பனிக்காலம் முடிவதற்குள் குழந்தை பிறந்தது, பெண். ஞானஸ்நானத்துக்கு எவால்ட்தான் ஞானத்தகப்பன். விருந்தில் லோதார் எழுந்து நின்று மேட்டுக் கதையை நடித்தே காட்டினான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குழந்தையை மடியில் வைத்திருந்த எவால்டும் சிரித்தான்.

ஹெட்விக் ஜாடியில் போட்டு வைத்திருந்த பிளம்ஸில் கேக் செய்து கொண்டுவந்தாள். எல்லோருக்கும் வைத்தவள் எவால்டின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். வெறும் கையை நீட்டினாள்.

"முதல்ல பாக்கெட்ல இருக்கிறதை எடு, அண்ணே. கேக் அப்புறம்."

எவால்டுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பாக்கெட்டில் பின் குத்தியதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டும், அண்ணன் கையை நம்பி அந்த வண்டியிலேயே மேடு இறங்கியிருக்கிறாள். எவால்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினான். ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் ஹெட்விக் கேக்கைத் தட்டில் வைத்தாள்.

இன்றைக்கும் அந்தப் பெண்ணின் பிறந்தநாளில் ஹெட்விக் கையை நீட்டுவாள், எவால்ட் பாக்கெட்டை இழுத்துக் காட்டுவான். அண்ணன் தங்கை விளையாட்டு என்று எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது அவன் பாக்கெட்டை இரண்டு தடவை தடவிப் பார்ப்பதைக் கண்டு, "மூட்டைக்கு இன்னும் அந்தப் பயம் போகலடா!" என்று முதலில் கத்துகிறவன் லோதார்தான்.