ஜோர்ஜியாப் போத்தல்

யாழ்ப்பாணம் குருநகரில் மேர்சியின் வீட்டுக்கு எவர் வந்தாலும் அவளுடைய கண் முதலில் அவர்களின் பைக்குத்தான் போகும். ஈரல் பழுதாகி இரத்தமாக வாந்தியெடுத்துப் பிழைத்து வந்த கணவன் அடைக்கலநாதன், யாகப்பர் கோயிலில் முழந்தாளிட்டு, "சாராயம், கள்ளு, கசிப்பு மூண்டும் இனித் தொடன்" என்று சத்தியம் பண்ணியிருந்தார். நண்டுக் கம்பனியில் வேலை முடித்து வந்து சமைத்து, அவருடைய வாயை மணந்து பார்த்த பிறகுதான் மேர்சி படுப்பாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு வந்த தங்கச்சி மகள் றொசாந்தியின் பையை மட்டும் அவள் பார்க்கவில்லை. ஜோர்ஜியாவில் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை. அவள் மேசையில் வைத்த போத்தலில் இருந்தது தேயிலைச் சாய நிறத்தில் வைன்.

"பெரியம்மா, கேக்குக்கு விடுங்கோ. அங்கை பெரிய மண்பானையளை நிலத்துக்கை தாட்டுத்தான் இதைப் புளிக்க வைக்கிறவை. முந்தி ஒருத்தரும் கவனிக்கேல்லை. இப்ப லண்டன்காரரும் ஜப்பான்காரரும் தேடித்தேடி வாங்கினம்."

"எங்கடை கசிப்புக்காரர் பொலிசுக்குப் பயந்து நிலத்துக்கை தாட்டு வைக்கிறதை, அவை லேபிள் ஒட்டி விக்கினமாக்கும்," என்றாள் மேர்சி.

றொசாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அடைக்கலநாதன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன ருசி பிள்ளை?"

"காய்ஞ்ச தோடம்பழத் தோல் மாதிரி, பெரியப்பா. முதல் கைக்கும். பிறகு நாக்கு விடாது."

அவள் திரும்பிப் போனதும் அவர் மூடியைத் திறந்தார்.

"உங்கடை சத்தியம்?"

"சாராயமெண்டுதானேயடி சொன்னனான்? உது திராட்சை இரசம். பூசையிலை சாமியார் கையிலை ஏந்திறது. அதுவும் டொக்டர்ப் பிள்ளை கொண்டந்தது."

பூசை என்றதும் மேர்சி சின்னக் கோப்பையொன்றை எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு வந்த மாலைகளைப் பற்றி அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. சாராயத்துக்கு அவளை அடித்த கை, வைனுக்கு அவளுடைய தலையைத் தடவியது. பழைய கடற்கதைகள் சொன்னார். போத்தல் தீரக்கூடாது என்றுகூட அவளுக்கு இருந்தது.

தீர்ந்தது. ஜோர்ஜியா வைன் யாழ்ப்பாணக் கடைகளில் இல்லை. கிடைத்த வைனை வாங்கினார், பெரிய கோப்பையில் குடித்தார். தவக்காலம் தொடங்கியபோது மறுபடி இரத்தம்.

"திரும்பக் குடிச்சவரோ அம்மா?" ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் கேட்டார்.

"இல்லை ஐயா. சத்தியம் பண்ணின மனிசன். சாராயம் ஒரு சொட்டும் தொடேல்லை."

"வேறை ஏதும்?"

"வைன்தான் ஐயா. கோயில்லை குடுக்கிறதுதானே."

டொக்டர் பேனையை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் மேர்சிக்கு விளங்கியது. அடைக்கலநாதன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

செத்தவீட்டு எட்டுச் செலவு முடிந்த பிறகு றொசாந்தி வீடியோவில் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பெரியம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் தந்த அந்தப் போத்தல்..."

"அது கேக்குக்குத்தான் போனது பிள்ளை. நீ படிப்பைப் பார்."

சொல்லிக்கொண்டே மேர்சி, அடுப்படி தெரியாதபடி கைப்பேசியைச் சற்றுத் திருப்பிப் பிடித்தாள். பின்னால் தட்டில், தேங்காயெண்ணெய் நிரப்பிய அந்தப் போத்தல் நின்றது.