செவ்வாய்க்கிழமைக்கு ஒரு ஃபர்னஸ்

1986 ஆகஸ்ட் முதலாம் தேதி, வெள்ளிக்கிழமை, இரவு ஏழு மணி நாற்பது நிமிடம். வெளியே ஏழு பாகை. தெற்கிலிருந்து காற்று. மழை நேராக விழாமல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, எங்கள் லின்ஃபீல்ட் வீட்டு ஹோலில் ஒரு பெண்மணி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்!

ஆடி வெள்ளி பஜனை நடந்துகொண்டிருந்தது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் நாங்கள் போய்க் கும்பிட நம்முடைய முறைக் கோயில் இன்னும் இல்லை. அதனால் மாதத்தின் முதல் வெள்ளி எங்கள் ஹோல்தான் கோயில். யாழ்ப்பாணத்தார், தமிழ்நாட்டார், மலேசியத் தமிழர், ஃபிஜியிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். அன்று நாற்பத்துமூன்று பேர். வாசலில் கிடந்த சப்பாத்துகளை எண்ணி இரண்டால் பிரித்தேன். ஆகவே கணக்கில் பிழை இல்லை.

"ஒரே புழுக்கமா இருக்கு சார்... கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறேனே" என்றார் அந்த அம்மாள். மதுரைப் பக்கத்துக்காரர். முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றார்.

புழுக்கமா? இந்தக் குளிரிலா?

இதே ஹோலை எப்படிச் சூடாக்குவது என்றுதான் மூன்று வாரமாக நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

என் மனைவி மங்கைக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்துமா. கொழும்பில் மழைக்காலத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இங்கே மே மாதம் வந்தது, குந்தியே விட்டது. இந்த ஊர் மரவீடுகளில் காலையில் பார்த்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் மழை பெய்தது போல் இருக்கும். துவாயால் துடைத்துப் பிழிவது என் வேலை. ஒருநாள் பிழிந்ததை அளந்தும் பார்த்தேன். இரண்டு கோப்பை! அவ்வளவு ஈரத்தையும் இரவு முழுக்க மூச்சோடு இழுத்தால் நெஞ்சு என்ன செய்யும்?

மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கினேன். மலிவு. ஈரம் கூடியது, மங்கைக்கு இழுப்பும் கூடியது. டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வீட்டுக்குள் எரிகிற எதுவும் புகையையும் ஈரத்தையும் வீட்டுக்குள்ளேயே விடும். இவருக்குத் தேவை உலர்ந்த சூடு. புகை குழாய் வழியாக வெளியே போக வேண்டும்" என்றார்.

இதற்கிடையில் பிரிஸ்பேனிலிருந்து மகளின் ரெலிபோன். "அம்மாவை என்னட்டை அனுப்புங்கோ அப்பா. இஞ்ச இப்பவும் வெயில்." ஆகஸ்ட் இருபதாம் தேதிக்கு டிக்கெட் பதிவாகிவிட்டது. போக மட்டும். திரும்பி வருவதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

"போனாப் போறன்" என்றாள் மங்கை. "நீங்கள் இருந்து கண்ணாடித் தண்ணியை அளவுங்கோ."

வாய்தான் அப்படி. இரண்டு சேலையைப் பெட்டிக்குள் வைப்பதும், மடிப்புச் சரியில்லை என்று வெளியே எடுப்பதுமாக இருந்தாள். எனக்கு எழுபத்தொரு வயது. அவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

அப்போதுதான் காஸ் ஃபர்னஸ் என்ற யோசனை வந்தது. எங்கள் வீதிக்கு காஸ் குழாய் வந்திருக்கிறது. ஃபர்னஸ் என்பது ஒரு தகரப் பெட்டி. வீட்டின் அடியில் கிடக்கும். உள்ளே காஸ் எரிந்து காற்றைச் சூடாக்கும். அந்தக் காற்று தடித்த குழாய்களில் ஓடி, ஒவ்வொரு அறையின் தரையிலும் பதித்த சல்லடை வழியாக மேலே வரும். புகை தனிக் குழாயில் வெளியே போய்விடும். டொக்டர் கேட்டது இதுதான். என் கையில் இருந்ததோ இரண்டாயிரத்து ஐநூறு டொலர். அதற்கு மேல் ஒரு சதமும் கிடையாது.

கிளென்ஃபீல்டில் உள்ள ஒரு கடையிலிருந்து விற்பனையாளர் வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். அளவு நாடாவும் சிவப்புக் கழுத்துப் பட்டியுமாக வீட்டைச் சுற்றினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வீட்டில் அதிகமாக எத்தனை பேர் இருப்பீர்கள்?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "நாற்பத்தைந்து பேர்வரை வருவார்கள்."

அவருடைய பென்சில் அந்தரத்தில் நின்றது. பிறகு வேகமாக ஓடத் தொடங்கியது. பெரிய ஃபர்னஸ். ஹோலுக்கு மட்டும் நான்கு சல்லடை. எங்கள் படுக்கையறைக்கு ஒன்று. விலை மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. "ஒக்டோபரில் புதிய வரி வருகிறது. அதற்கு முன் வாங்கினால் லாபம்" என்றும் ஒரு கொக்கியைப் போட்டார்.

மிச்சத்தைத் தவணையில் கட்டலாமா என்று விசாரித்தேன். வட்டியைக் கேட்டதும் எனக்கே தொய்வு வரும்போல் இருந்தது. சின்ன ஃபர்னஸ் வாங்கலாமா? வருகிற சனம் நடுங்கினால் என்ன நினைக்கும்? பஜனையை நிறுத்தலாமா? மங்கை கேட்டால் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாள்!

இதையெல்லாம் என் மருமகள் வதனி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அதிகம் கதைக்க மாட்டாள். மகன் பத்து வார்த்தை சொல்லும் இடத்தில் இவள் ஒன்று சொல்வாள். அதுவும் தேவைப்பட்டால்.

"வட்டி போனாப் போகட்டும், பெரிய ஃபர்னஸுக்கே திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப் போறன் பிள்ளை" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா. வெள்ளிக்கிழமை முடியட்டும்."

அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் மதுரை அம்மாள் ஜன்னலைத் திறந்தது. நான் பதறிப்போய் எழும்ப, வதனி கண்ணால் சுவரைக் காட்டினாள். வெப்பமானி அங்கே தொங்கியது. போய்ப் பார்த்தேன். இருபத்துமூன்று பாகை!

"கரண்ட் ஹீட்டரைக் கூட்டி வைச்சிட்டியோ பிள்ளை? பில் வரப்போகுது!"

"ஹீட்டரோ? அதை அஞ்சரைக்கே நிப்பாட்டிப்போட்டன் மாமா."

"பின்னை?"

"சனம்தான்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நாற்பத்துமூன்று பேர். கைதட்டு, தாளம், குத்துவிளக்கு, சமையலறையில் கடலை அவிகிற ஆவி. மலேசியக்காரர் ஒருவர் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது.

வதனி வெப்பமானியைச் சுவரிலிருந்து கழற்றினாள். "வாங்கோ மாமா" என்று நடந்தாள். பின்னால் போனேன். நடைவழியின் கடைசியில் எங்கள் படுக்கையறை.

மங்கை கட்டில் ஓரத்தில் இருந்தாள். கற்பூரப் புகையும் நெரிசலும் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாததால் பஜனை நாட்களில் அவள் இங்கேதான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், மகனின் பழைய ஃபுட்போல் காலுறை, தலையில் கம்பளித் தொப்பி. ஹோலில் பாடுகிற பாட்டுக்கு இங்கே இருந்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பாட மூச்சு இல்லை.

"கதவைச் சாத்தாதேங்கோ" என்றாள். "அங்கத்தைச் சூடு கொஞ்சம் இஞ்சாலும் வரட்டும்."

வதனி வெப்பமானியைக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். சிவப்புக் கோடு இறங்கி இறங்கி... பதினொன்றில் நின்றது.

"மாமா, செவ்வாய்க்கிழமை இந்த வீட்டில எத்தின பேர்?"

"செவ்வாய்க்கிழமையோ? நாலு பேர்தானே."

"அப்ப அந்த நாலு பேருக்கு வாங்குவம். நாப்பது பேரும் தங்கட சூட்டைத் தாங்களே கொண்டருவினம்."

"கேட்டியளே?" என்றாள் மங்கை தொப்பிக்குள்ளிருந்து. "கணக்கெண்டால் இதுதான் கணக்கு."

நானோ முப்பத்தைந்து வருடம் கணக்குக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவன். வராத செலவுகளுக்கெல்லாம் ஒதுக்கீடு செய்தே பழகியவன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் மட்டுமா? நம்மவர் வீடுகளில் நல்ல கோப்பைகள் யாருக்கு? கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்து, வருகிறவர்களுக்கு. வீட்டுக்காரர் காது உடைந்த கோப்பையில் தேத்தண்ணீர் குடிப்பார். நல்ல போர்வை யாருக்கு? வரப்போகிறவர்களுக்கு. மாதத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் வந்து போகிறவர்களுக்கு நான்கு சல்லடை, இரவு பகலாக இழுத்துக்கொண்டு கிடப்பவளுக்கு ஒன்று... இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நம் இரத்தத்திலேயே இருக்கிறது. அதை உதற ஒரு வெப்பமானியும், கொஞ்சம் பேசி நிறையப் பார்க்கிற ஒரு பெண்ணும் வேண்டியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. வதனி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து கிளென்ஃபீல்ட் கடைக்கே போனாள். அங்கே அவள் கேட்ட கேள்விகளைப் பார்க்க வேண்டுமே! புகைக் குழாய் எந்த இடத்தில் வெளியே வருகிறது, அது படுக்கையறை ஜன்னலுக்குக் கீழா? பற்றவைக்கவென்று எப்போதும் எரிகிற பைலட் சுடர், ஃபர்னஸ் சும்மா நிற்கும்போது எவ்வளவு காஸ் குடிக்கும்? வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய யார் வருவார்கள், என்ன எடுப்பார்கள்? குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டாள். விற்பனையாளர் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

ஒரு மூலையில், கடையில் பார்வைக்கு வைத்திருந்த சின்ன ஃபர்னஸ் ஒன்று நின்றது. மூடியில் ஒரு நெளிவு. அதனால் விலையைக் குறைத்து ஒட்டியிருந்தார்கள்.

"உள்ளே ஏதும் பிழையா? உத்தரவாதம் அதேதானா?" என்று கேட்டாள். பிழை இல்லை, அதே உத்தரவாதம், எழுதியே தருகிறேன் என்றார் அவர்.

நான் அவள் காதுக்குள் சொன்னேன். "நெளிஞ்ச சாமானோ பிள்ளை? ஆக்கள் பார்த்தால் என்ன சொல்லுவினம்?"

"வீட்டுக்கு அடியில படுத்துக் கிடக்கிறதை ஆர் மாமா தவண்டு போய்ப் பாக்கப் போயினம்?"

விற்பனையாளர் என்ன விஷயம் என்று கேட்டார். அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். மனிதர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் ஃபர்னஸைப் பொருத்தித் தருகிற பூட்டுக்கூலியிலும் கொஞ்சம் குறைத்துவிட்டாள்.

ஹோலுக்கு ஒரே ஒரு சல்லடை. எங்கள் அறைக்கு இரண்டு. அதோடு நிற்கவில்லை. மிஞ்சிய காசில் எங்கள் அறைக்கு மேலே, கூரைக்குள், கண்ணாடி இழைப் போர்வை விரிக்கச் சொன்னாள்.

"அது வேறை செலவெல்லே?" என்றேன்.

"சூட்டை வாங்கிறதிலும் பாக்க, வாங்கினதைப் பிடிச்சு வைக்கிறது மலிவு மாமா."

பதினான்காம் தேதி வியாழக்கிழமை இரண்டு பேர் வந்து பூட்டினார்கள். நான் பக்கத்திலேயே நின்று காஸ் மணக்கிறதா என்று மோந்துகொண்டிருந்தேன். "நாங்களும் அதைத்தான் சோதிக்கிறோம் ஐயா, கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா?" என்றார்கள் மரியாதையாக. பின்னேரம் பொத்தானைத் திருப்பியதும் அடியில் மெல்லிய ஒரு 'ஹும்' சத்தம். சல்லடையில் கையை வைத்தேன். நல்ல உலர்ந்த, இளஞ்சூடான காற்று. உச்சி வெயிலில் கழுவிக் காயப்போட்ட வேட்டியை எடுக்கும்போது கைக்கு வருமே, அந்தச் சூடு.

அடுத்த மூன்று நாளும் நான் மங்கையின் தலையணைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்துதான் நித்திரை கொள்வாள். வெள்ளி காலையிலும் மூன்று. சனி காலையில் ஒன்று தரையில் கிடந்தது. ஞாயிறு காலை அவள் ஒற்றைத் தலையணையில், வாயைத் திறந்துகொண்டு, நிம்மதியாகக் குறட்டை விட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் குறட்டையை நான் ரசித்தது அன்றுதான்.

ஜன்னலும் காய்ந்துபோய் இருந்தது. துவாயோடு போனவன் சும்மா திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை மங்கை தானே பிரிஸ்பேனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"ஓம் பிள்ளை... இல்லை, நான் வரேல்லை... ஓம், மூச்சு நல்லா இருக்கு. வதனி வீட்டைச் சூடாக்கிப் போட்டாள்... கொப்பரோ? கொப்பர் பக்கத்தில நிண்டு நிமிசம் எண்ணுறார். நீ வை, பிறகு எடுக்கிறன்."

அவள் சொன்னது உண்மைதான், எண்ணிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அன்று இன்னும் பத்து நிமிடம் கதைத்திருந்தாலும் பேசாமல் நின்றிருப்பேன்.

வதனி அப்போதுதான் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "பிள்ளை, நீ செய்தது பெரிய காரியம்" என்றேன். எனக்கு இப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

"மாமி தேத்தண்ணி குடிச்சிட்டாவோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நல்லது, கணக்கை முடிக்கிறேன். ஃபர்னஸ், பூட்டுக்கூலியோடு ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது. கூரைப் போர்வை இருநூற்று நாற்பது. பிரிஸ்பேன் டிக்கெட்டை ரத்துச் செய்த கட்டணம் நாற்பத்தைந்து — ஏன் இவ்வளவு என்று கேளாமல் நான் கட்டிய பணம் அது ஒன்றுதான். மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து டொலர்.